வெளிநாட்டு கிரீமும் பற்பசையும்: முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

2007 மே மாதம், பனாமா நகரத்தில் ஒரு கடை. பொருள் வாங்க வந்த ஒருவர் அடுக்கில் இருந்த பற்பசை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உட்பொருட்களின் வரிசையில் ‘டைஎத்திலீன் கிளைகால்’ என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். முந்தைய ஆண்டு, கிளிசரின் என்று நம்பி இருமல் மருந்தில் கலக்கப்பட்ட அதே நச்சுத் திரவம் அந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்திருந்தது. அவர் அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். அடுத்த சில வாரங்களில் பல நாடுகள் தங்கள் கடைகளையும் துறைமுகங்களையும் அலச ஆரம்பித்தன. ஜூன் 1ஆம் தேதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சீனாவில் தயாரான பற்பசை எதையும் பயன்படுத்த வேண்டாம் என்று தன் மக்களை எச்சரித்தது.

விஷத்தின் பெயர் டியூபிலேயே இருந்தது. ஏற்றியவர், இறக்கியவர், சுங்கத்தில் முத்திரை குத்தியவர், கடையில் அடுக்கியவர் என்று எத்தனையோ கைகள் மாறிய பிறகுதான் ஒருவர் அதைப் படித்தார்.

இதற்கு நேர்மாறான அனுபவம் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. பயணம் போய்த் திரும்பிய உறவினர் ஒருவர் சித்திக்கு ஒரு முகப்பூச்சு வாங்கி வந்து கொடுத்தார். இரண்டே மாதத்தில் சித்தியின் முகம் பளிச்சென்று ஆனது. எல்லோரும் விசாரித்தார்கள், சித்திக்குப் பெருமை. பிறகு தூக்கம் கெட்டது, காரணமில்லாத எரிச்சல் வந்தது, காலையில் எழும்போது கண்ணிமையும் பாதமும் வீங்கியிருந்தன. சிறுநீரில் புரதம் போகிறது என்று சோதனையில் தெரிந்தது. மருத்துவர்கள் பல கேள்விகள் கேட்டார்கள்; “முகத்துக்கு என்ன போடுகிறீர்கள்?” என்ற கேள்வி மூன்றாவது மருத்துவரிடமிருந்துதான் வந்தது. டப்பாவில் முத்துப்பொடி, வைட்டமின், மூலிகைச் சாறு என்றுதான் போட்டிருந்தது. பாதரசம் என்ற சொல் எங்கும் இல்லை. அது இருக்கவும் இருக்காது. பாதரசம் கலப்பவர் அதை எழுதிவைத்துக் கலப்பதில்லை.

ஆகவே, வெளிநாட்டுப் பொருளை முதன்முதலாக வாங்கத் தொடங்குபவர் இரண்டு பழக்கங்களை வளர்த்துக்கொள்ள வேண்டும். எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கம் ஒன்று. எழுதாமல் விட்டிருப்பதைச் சந்தேகிக்கும் பழக்கம் இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் ‘தவிர்க்க வேண்டிய இருபது வேதிப்பொருட்கள்’ வகைப் பட்டியல்கள் முதல் பழக்கத்தையே அரைகுறையாகத்தான் தருகின்றன. இரண்டாவதைத் தருவதே இல்லை. அதனால் உட்பொருள் பட்டியலைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது முகவரி.

முதல் வேலை: பொறுப்பேற்பவர் யார்?

பெட்டியைத் திருப்புங்கள். உங்கள் நாட்டில் இந்தப் பொருளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று தேடுங்கள். இறக்குமதி செய்தவர், விநியோகிப்பவர், சந்தைப்படுத்துபவர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் அழகுசாதனச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள ‘பொறுப்பாளர்’ ஒருவர் இல்லாமல் எந்த கிரீமும் சோப்பும் அங்கே விற்பனைக்கு வர முடியாது. பொருளின் பாதுகாப்பு அறிக்கையைக் கையில் வைத்திருக்க வேண்டியவர் அவர். கோளாறு வந்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியவரும் அவரே. இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் தயாரானது என்பதும் பெட்டியில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2022இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பக்கவிளைவைத் தெரிவிப்பதற்கான முகவரியோ தொலைபேசி எண்ணோ இணையத் தொடர்போ லேபிளில் இருந்தாக வேண்டும். கடுமையான பாதிப்பு பற்றித் தகவல் வந்தால் 15 வேலை நாட்களுக்குள் நிறுவனம் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். வேறு பல நாடுகளில் இறக்குமதிப் பதிவு எண்ணும் கேட்கிறார்கள். உங்கள் நாட்டு விதி என்ன என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேர வேலைதான். பல ஆண்டுகளுக்கு உதவும்.

முகவரிக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. தரமான தொழிற்சாலையிலும் ஒரு தொகுதி கெட்டுப்போகலாம், கிருமி புகலாம். அப்போது ‘இந்தத் தொகுதியைத் திருப்பித் தாருங்கள்’ என்று அறிவிக்க ஒருவர் வேண்டும். யாருடைய பயணப்பெட்டியிலோ வந்து இறங்கிய டப்பாவுக்கு அப்படி அறிவிக்க யாரும் இல்லை. அது நல்ல பொருளாகவே இருக்கலாம். ஆனால் கெட்டுப்போனால் உங்களைத் தேடி ஒரு செய்தியும் வராது.

மூல லேபிளின் மேல் இறக்குமதியாளர் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரைக் கண்டு சிலர் மிரள்கிறார்கள். மிரள வேண்டாம், பெரும்பாலும் அதுதான் சட்டப்படி வந்ததற்கான அடையாளம். அந்த ஸ்டிக்கர் காலாவதித் தேதியின் மேல் ஒட்டப்பட்டிருந்தால் மட்டும் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஒரு தேதி, மேலே வேறொரு தேதி என்றால் பொருளை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நகருங்கள்.

எழுத்துப்பிழையும் எண்களும்

2007ஆம் ஆண்டின் அதே பற்பசைக் கலவரத்தின்போது, புகழ்பெற்ற கோல்கேட் பெயரில் போலி டியூப்களும் அமெரிக்காவில் பிடிபட்டன. ‘தென்னாப்பிரிக்காவில் தயாரிக்கப்பட்டது’ என்று போட்டிருந்தது. ஆனால் ஆப்பிரிக்கா என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஐ’ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘எல்’ இருந்தது. பல் மருத்துவர் சங்கத்தின் பெயரில் ‘சி’க்குப் பதில் ‘எக்ஸ்’ விழுந்திருந்தது. இரண்டு சொற்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனம் தன் டியூபில் நாட்டின் பெயரைத் தப்பாக அச்சிடாது. பெயர்பெற்ற பொருளில் எழுத்துப்பிழை கண்டால், போலி என்பதற்கு அதைவிட மலிவான சான்று கிடைக்காது.

அடுத்து பேட்ச் எண், அதாவது ஒன்றாகத் தயாரான ஒரு தொகுதிக்குத் தரும் எண். வெளிப்பெட்டியில் ஒன்றும் உள்ளே உள்ள புட்டியில் இன்னொன்றுமாக இருந்தால் ஏதோ கைமாறியிருக்கிறது. எண்ணே இல்லாவிட்டாலோ, சுரண்டி அழித்திருந்தாலோ, அந்தப் பொருள் விநியோக வரிசையிலிருந்து நழுவி வந்தது என்று அர்த்தம்.

தேதியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஐரோப்பியப் பொருட்களில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. அமெரிக்காவில் மாதம் முன்னால் வரும். கிழக்காசிய நாடுகளில் ஆண்டு முதலில். இதோடு, கொரியப் பொருள் சிலவற்றில் அச்சிட்டிருப்பது காலாவதித் தேதியே அன்று, தயாரிப்புத் தேதி. அதைப் பார்த்து ‘போன வருடமே முடிந்துவிட்டது’ என்று குப்பையில் போட்டவர்களும் உண்டு. காலாவதித் தேதியைத் தயாரிப்புத் தேதி என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் பூசிக்கொண்டவர்களும் உண்டு. தேதிக்குப் பக்கத்தில் உள்ள சொல்லைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பாருங்கள். ஜப்பானில் மூன்று ஆண்டுக்கு மேல் கெடாத பொருளுக்குத் தேதி போட வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்கச் சட்டமும் பொதுவாக அழகுசாதனங்களுக்குக் காலாவதித் தேதி கேட்பதில்லை. ஐரோப்பாவில் 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்குத் தேதிக்குப் பதில், மூடி திறந்த டப்பாவின் சின்னமும் அதற்குள் ‘12 எம்’ போன்ற எழுத்தும் இருக்கும். திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பொருள். திறந்த தேதியை டப்பாவின் அடியில் பேனாவால் எழுதிவைக்காவிட்டால் இந்தச் சின்னத்தால் பயனில்லை. நான் எழுதுகிறேன் என்று பெருமையாகச் சொல்லலாம். பாதி டப்பாக்களில்தான் எழுதியிருக்கிறேன்.

நம்பக் கூடாத சில அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். பார்கோடின் முதல் மூன்று எண்கள் தயாரிப்பு நாட்டைக் காட்டுகின்றன என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. அந்த எண்ணை ஒதுக்கியது எந்த நாட்டின் பார்கோடு அமைப்பு என்பதை மட்டுமே அது சொல்லும். ஒரு நாட்டில் பதிவுசெய்த நிறுவனம் எந்த நாட்டிலும் தயாரிக்கலாம். டியூபின் அடியில் இருக்கும் வண்ணக் கட்டம், எந்திரம் எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கான குறி. பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் வேதிப்பொருள் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஐரோப்பாவின் ‘சிஇ’ முத்திரை பொம்மைகளுக்கும் மின்சாதனங்களுக்கும் உரியது, அழகுசாதனங்களுக்குக் கிடையாது. ஒரு முகப்பூச்சில் அதைப் பார்த்தால் போட்டவருக்குச் சட்டம் தெரியவில்லை என்று முடிவுகட்டலாம். ‘அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றது’ என்று கிரீம் டப்பாவில் இருந்தால் அதுவும் அப்படியே: நிறமிகளைத் தவிர, அழகுசாதனப் பொருட்களுக்கு அந்த நிர்வாகம் விற்பனைக்கு முன் ஒப்புதல் கொடுப்பதே இல்லை.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு கவலை?

எல்லாப் பொருளையும் ஒரே அளவு சந்தேகத்தோடு பார்த்தால் களைத்துப்போவோம். பூசி உடனே கழுவிவிடும் சோப்பும் ஷாம்பும் தோலில் தங்கும் நேரம் குறைவு. இரவு முழுதும் முகத்தில் இருக்கும் கிரீம், கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் போகும் உதட்டுச்சாயம், கண்ணுக்குப் பக்கத்தில் தீட்டும் மை, குழந்தையின் உடம்பில் தடவும் எதுவும் என்றால் கவனம் கூட வேண்டும். இவற்றிலும் நான்கு வகைகளை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பேன்.

நிறத்தை வெளுப்பாக்கும் பூச்சுகள் முதலாவது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரச உப்பு தடுக்கிறது. அதனால்தான் அது வேகமாக வேலை செய்கிறது. அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கிறது. ஆவியாகவும் மாறுவதால், பூசியவரோடு ஒரே தலையணையில் படுப்பவரும், அவர் மடியில் கிடக்கும் குழந்தையும் மூச்சு வழியே உள்ளிழுக்கிறார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் 2020க்குள் ஒழிய வேண்டும் என்றது. 2023இல் அந்த வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் 2025க்குப் பின் கூடாது என்று நாடுகள் முடிவெடுத்தன. காகிதத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனாலும் கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைச் சோதித்த மருத்துவர்கள், அவர்களில் 15 பேருக்கு வழக்கத்தில் அரிதான ஒரு வகை இருப்பதைக் கண்டார்கள். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள்.

பட்டியலில் பாதரசம் தப்பித் தவறி இருந்தால் மெர்க்குரஸ் குளோரைடு, கலோமல், மெர்க்குரிக், மெர்க்குரியோ போன்ற பெயர்களில் இருக்கும். இல்லாவிட்டாலும் ஒரு தடயம் உண்டு. ‘வெள்ளி, தங்கம், ரப்பர், அலுமினியம், நகைகள் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கை டப்பாவில் இருந்தால், உள்ளே பாதரசம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. முகத்தில் பூசும் பொருள் எதற்காக நகையைக் கண்டு அஞ்ச வேண்டும்?

இதே வகையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்து விற்பதும் உண்டு. குளோபீட்டாசோல், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களை நினைவில் வையுங்கள். பூசும்வரை முகம் மின்னும். நிறுத்திய வாரமே சிவந்து எரியும். எரிச்சலுக்குப் பயந்து மீண்டும் பூசுவார்கள். இந்தச் சுழலில் வருடக்கணக்கில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். தோலை வெளுப்பாக்கும் மருந்தான ஹைட்ரோகுவினோன் ஐரோப்பாவில் முகப்பூச்சுகளில் தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவில் 2020க்குப் பிறகு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்க முடியும். அது மோசமான மருந்து என்பதால் இப்படி வைக்கவில்லை. அளவும் காலமும் தெரியாமல் நீண்ட நாள் பூசினால் வெளுக்க வேண்டிய தோலே நீலங்கலந்த கறுப்பாக மாறக்கூடும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தீட்டும் மை வகைகள். சுர்மா, கோல் என்று வரும் சிலவற்றின் மூலப்பொருள் கலீனா என்ற கனிமம், அதாவது ஈய சல்பைடு. எடையில் பாதிக்கு மேல் ஈயமே இருந்த மைகளும் சோதனையில் அகப்பட்டிருக்கின்றன. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைத்தால் ஈயம் நேராக உள்ளே போகிறது. வளரும் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது.

மூன்றாவது, கறுப்பு மருதாணி. மருதாணி இலையின் இயல்பான நிறம் ஆரஞ்சும் சிவப்பும் பழுப்பும்தான். அது பிடிக்க மணிக்கணக்காகும். அரை மணியில் கருகருவென்று பிடிக்கும் கூம்பில் பாராஃபினிலீன்டையமின் என்ற தலைமுடிச்சாயப் பொருள் இருக்கக்கூடும். தோலில் நேரடியாகப் பூசுவதற்கு அதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதிப்பதில்லை. கொப்புளம் ஆறிவிடும், ஒவ்வாமை ஆறாது. பிற்காலத்தில் சாதாரண முடிச்சாயம் போட்டாலே முகம் வீங்கும்.

நான்காவது, முடியை நேராக்கும் திரவங்கள். மெத்திலீன் கிளைகால், ஃபார்மலின் என்ற பெயர்கள் இருந்தால், சூடான கருவியை முடியில் வைத்ததும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிவரும். ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று எழுதிய புட்டிகளிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பூசிக்கொள்பவரைவிட, நாள் முழுதும் பூசிவிடும் அழகுநிலையப் பணியாளருக்குத்தான் ஆபத்து அதிகம்.

சூரியத் தடுப்புக் கிரீம் தனி ரகம். ஐரோப்பாவில் அது அழகுசாதனம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மருந்துக்குரிய விதிகள் அதற்குப் பொருந்தும். ஒரே பெயரில் வரும் கிரீமின் உள்ளடக்கம் நாட்டுக்கு நாடு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாட்டுப் புட்டிக்குப் படித்த மதிப்புரையை வைத்து இன்னொரு நாட்டுப் புட்டியை வாங்காதீர்கள்.

உட்பொருள் வரிசையைப் படிப்பது

இப்போது பட்டியலுக்கு வரலாம். பெரும்பாலான நாடுகள் அழகுசாதன உட்பொருட்களுக்கு ஒரே பன்னாட்டுப் பெயர் முறையைப் பின்பற்றுகின்றன. ‘அக்வா’ என்றால் தண்ணீர், ‘பர்ஃபம்’ என்றால் வாசனைக் கலவை. அதிகம் உள்ளது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே ‘குங்குமப்பூச் சாறு’ பட்டியலின் கடைசியில் இருந்தால் அது விளம்பரத்துக்காகத் தெளித்த துளி. நிறமிகள் ‘சிஐ’ என்ற எழுத்துகளோடும் ஐந்து இலக்க எண்ணோடும் முடிவில் வரும். பட்டியலே இல்லாத பொருளையும், ‘ரகசிய மூலிகைக் கலவை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்ட பொருளையும் வாங்க வேண்டாம்.

கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பாரபென் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஐரோப்பா 2014இல் ஐந்து வகைப் பாரபென்களைத் தடைசெய்தது. மெத்தில், எத்தில் வகைகளைத் தனியாகச் சேர்த்தால் 0.4 சதவீதம்வரை இன்றும் அனுமதிக்கிறது. என் கருத்தில், பாரபென் என்று வெளிப்படையாக எழுதி, முகவரியும் பேட்ச் எண்ணும் போட்ட கிரீம், ‘வேதிப்பொருள் இல்லவே இல்லை’ என்று பூ வரைந்த அநாமதேய டப்பாவைவிடப் பல மடங்கு நம்பகமானது. தண்ணீர் கலந்த எந்தக் கிரீமிலும் கிருமி வளரும். அதைத் தடுக்க ஏதோ ஒன்று வேண்டும். அப்படி ஒன்றும் இல்லாத தண்ணீர்க் கிரீம், வெயிலில் காய்ந்த பார்சல் வண்டியில் வாரக்கணக்கில் பயணம் செய்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டியலில் நான் உண்மையாகவே தேடும் பெயர்கள் சில. மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற கிருமித்தடுப்புப் பொருள் பலருக்கு ஒவ்வாமை தந்ததால், கழுவாமல் விடும் பொருட்களில் அதை ஐரோப்பா 2017இல் தடுத்தது. கழுவிவிடும் பொருட்களில் மிகச் சிறிய அளவுக்கு மட்டும் விட்டுவைத்தது. பியூட்டில்ஃபீனைல் மெத்தில்புரோபியோனல் என்ற வாசனைப்பொருள் இனப்பெருக்க நலனைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டு, 2022 மார்ச் 1 முதல் அங்கே தடை. அந்தப் பெயர் உள்ள புட்டி உங்கள் கைக்கு இன்று வந்தால், அது பழைய சரக்காகவோ வேறு சந்தைக்குச் செய்ததாகவோதான் இருக்கும். நரைமுடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கும் திரவங்களில் லெட் அசிடேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஈயம், அமெரிக்காவே 2018இல் அதற்கான அனுமதியைத் திரும்பப் பெற முடிவெடுத்துவிட்டது.

விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “பின்பக்கத்தின் படம் அனுப்புங்கள்.” இணையக் கடையில் முன்பக்கப் படம் பத்து இருக்கும், பின்பக்கம் ஒன்றும் இருக்காது. கேட்டும் அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள். பிராண்டின் சொந்தத் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். பெரிய இணையச் சந்தையில் வாங்கினாலும், அங்கே விற்பவர் சந்தையின் உரிமையாளரா, மூன்றாவது ஆளா என்று விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

கைக்கு வந்தபின்

பிரிப்பதற்கு முன்பு நாலு பக்கமும் கைப்பேசியில் படம் எடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்ட பிறகுதான் பேட்ச் எண் தேவைப்படும். இது எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது. உள்மூடியின் தகடு கிழிந்திருந்தாலோ, தண்ணீரும் எண்ணெயும் பிரிந்து நின்றாலோ, புளித்த வாடை வந்தாலோ திருப்பி அனுப்புங்கள்.

முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு நாணயத்தின் அளவு இடத்தில் தினமும் இரண்டு முறை, ஏழு முதல் பத்து நாள்வரை பூசிப் பாருங்கள். கழுவிவிடும் பொருளானால் முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள். முடிச்சாயத்துக்கு மட்டும் அதன் பெட்டியில் சொன்னபடி, ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே சோதிக்க வேண்டும். ஒரே நாளில் சோதித்து முடித்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்வதில் பொருளில்லை. பல ஒவ்வாமைகள் நாட்கள் கழித்தே தலைகாட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இந்தச் சோதனை ஒவ்வாமையைக் காட்டும், பாதரசத்தையோ ஈயத்தையோ காட்டாது. சித்தியும் கையில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் பூசினார். சொறி இல்லை, சிவப்பு இல்லை. பாதரசத்தைக் கண்டறிய ஆய்வகம் வேண்டும், அல்லது எக்ஸ்கதிர் ஒளிர்வு என்ற முறையில் சில நிமிடங்களில் சொல்லிவிடும் கைக்கருவி வேண்டும். சில ஊர்களில் பொது சுகாதாரத் துறையிடமும் நுகர்வோர் அமைப்புகளிடமும் அந்தக் கருவி இருக்கிறது.

வாங்கும் முன்பும், வாங்கிய பிறகு சில மாதத்துக்கு ஒருமுறையும், பொருளின் பெயரை ஐரோப்பாவின் ‘சேஃப்டி கேட்’ தளத்தில் தேடிப் பாருங்கள். வாரந்தோறும் புது எச்சரிக்கைகள் அங்கே படத்தோடும், பெரும்பாலும் பார்கோடோடும், காரணத்தோடும் வெளியாகின்றன. எந்த நாட்டிலிருந்தும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தும் பொருட்களின் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியலில் இல்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. இருந்தால் விவாதத்துக்கே இடமில்லை.

ஏதாவது ஆகிவிட்டால்

முதலில் நிறுத்துங்கள். ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், நிறுத்திய உடனே தோல் மருத்துவரைப் பாருங்கள். எரிச்சலைத் தாங்காமல் மீண்டும் பூசும் நிலை வராமல் அவர் மாற்று தருவார். கை நடுக்கம், மறதி, காரணமில்லாத எரிச்சல், உடல் வீக்கம், நுரைத்த சிறுநீர் போன்றவை இருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களாகவே டப்பாவைக் காட்டி, சிறுநீரில் பாதரசம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர்கள் பூசாவிட்டாலும் சோதனை தேவைப்படலாம்.

டப்பாவைக் கோபத்தில் எறிந்துவிட வேண்டாம். அதுதான் சாட்சி. பெட்டி, ரசீது, விற்பவரோடு பேசிய குறுஞ்செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, உங்கள் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் அனுப்புங்கள். பொருளின் பெயர், பேட்ச் எண், வாங்கிய இடமும் தேதியும், பூசத் தொடங்கிய நாள், முதல் அறிகுறி வந்த நாள், மருத்துவர் சொன்னது ஆகியவை இருந்தால் போதும். நீண்ட கடிதம் வேண்டாம். லேபிளில் முகவரி இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் ஒரு நகல். பணம் திரும்பக் கிடைத்தவுடன் புகாரை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அதே தொகுதியின் மற்ற டப்பாக்கள் அதற்குள் வேறு வீடுகளுக்குப் போயிருக்கும்.

பாதரச கிரீமைத் தொட்டியில் ஊற்றிக் கழுவக் கூடாது, சாதாரணக் குப்பையிலும் போடக் கூடாது. இறுக்கமாக மூடி, காற்றுப் புகாத பைக்குள் போட்டு, மேலே ‘பாதரசம்’ என்று எழுதி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை படுக்கையறையிலும் சமையலறையிலும் வைக்காதீர்கள். பூசியவரின் துண்டு, தலையணை உறை, சீப்பு எல்லாவற்றிலும் அது ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் கடைசியாகக் கண்டுபிடித்தது குளியலறை அலமாரியின் மேல்தட்டில் இருந்த இன்னொரு டப்பா. தீர்ந்துபோனால் வேண்டுமே என்று சித்தி இரண்டாவதாக வாங்கி வைத்திருந்தார். பிரிக்காத பெட்டி, பின்பக்கத்தில் முகவரி இல்லை.